இடது பக்கத்துப் பின் பெட்டி

மேல்வீட்டுக்காரர் மீது எனக்குப் பொறாமை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே யாரோ பூட்ஸ் காலோடு ஓடினார்கள். ஓர் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அப்புறம் சுட ஆரம்பித்தார்கள். தட்டின் ஓரத்தில் இருந்த டம்ளரில் தண்ணீர் நடுங்கியது.

என் மனைவி பயந்து மேலே பார்த்தாள். நான் பயப்படவில்லை. அது என்ன விளையாட்டு என்று எனக்குத் தெரியும். சுரங்கத்துக்குள் துப்பாக்கியோடு போகிற அதே விளையாட்டு என் கம்ப்யூட்டரிலும் இருந்தது. என் வீட்டில் அது தகர டப்பாவுக்குள் கடலையைப் போட்டுக் குலுக்குவது போலக் கேட்கும். மேலே போர் நடந்துகொண்டிருந்தது. இட்லி தொண்டையில் இறங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. காரைக்குடியில் ஃபிளாட்டில் குடியிருக்கிறோம் என்று சொன்னால் உறவுக்காரர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "இத்தாம் பெரிய வீடுக இருக்கிற ஊருக்குப் போயி தீப்பெட்டிக்குள்ள இருக்கீகளே" என்றார் என் சித்தப்பா. மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. நாங்கள் நடுமாடி. நான் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மனைவி தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். அலுவலகத்தில் எல்லாம் கம்ப்யூட்டர் மயமாகப் போகிறது, வீட்டில் பழகிக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் அதை வாங்கினேன். பழகியது விளையாட்டை மட்டும்.

மேல்வீட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மலேசியாவில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்திரக்கடை வைத்திருந்தார். அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் வீட்டில் தனியாக இருந்தார். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். அன்றைக்குக் கை கழுவின ஈரத்தோடு நானே மாடி ஏறிப் போனேன்.

"சத்தம் அதிகமா இருக்கோ சார்? குறைச்சுர்றேன்" என்று பதறினார்.

"இல்ல பாய். எப்படி இந்தச் சத்தம் வருதுன்னு பாக்கலாம்னு வந்தேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஹாலின் நட்டநடுவே ஒரு நாற்காலி. எதிரே மேசையில் கம்ப்யூட்டர். அதன் இரண்டு பக்கமும் கைக்கு அடக்கமான இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். நாற்காலிக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் கம்பியில் நிற்கும் இன்னும் இரண்டு. மேசைக்கு அடியில் மரக்கலரில் ஒரு கனத்த பெட்டி. டம்ளரில் தண்ணீரை நடுங்கவைத்தது அதுதான். மலேசியாவிலிருந்து வரும்போது துணிமணியைக் குறைத்துக்கொண்டு இவற்றை எடுத்துவந்தாராம்.

"உக்காருங்க சார். முன்னாடி பாக்காதீக. பின்னாடி எடது பக்கமா ஒருத்தன் வருவான். காலடிச் சத்தம் கேக்கும். கேட்டதும் திரும்பிச் சுட்ருங்க."

உட்கார்ந்தேன். சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். தண்ணீரில் நடக்கிறேன், சுவரில் குண்டு பட்டுத் தெறிக்கிறது. ஆனால் பின்னால் வருகிறவன் வருகிறதே தெரியவில்லை. முதுகில் சுட்டான். செத்தேன். மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி செத்தேன். பாய் உட்கார்ந்தார். திரையைப் பார்க்காமல் என்னோடு பேசிக்கொண்டே, சட்டென்று திரும்பி அவனைச் சுட்டார். "கேட்டுச்சா சார்?" என்று சிரித்தார். நல்ல சிரிப்புதான். அதனாலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் திரும்ப உட்கார்ந்து சாகிறபோது, பால்காரர் வந்திருக்கிறார் என்று சொல்ல மனைவி மாடிக்கு வந்தாள். வாசலைத் தாண்டி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றவள், பேச வாயெடுத்து, திடுக்கிட்டு இடது பக்கம் திரும்பினாள்.

"யாரு வாரது?" என்றாள்.

பாய் கைதட்டிச் சிரித்தார். "பாத்தீகளா? டீச்சருக்கே தெரியுது!"

நானும் சிரித்தேன். பால்காரருக்காகக் கீழே இறங்கினேன். பழக்கம் போதாது, வீட்டிலேயே இப்படி ஒன்று இருந்தால் பத்து நாளில் நானும் அவரைப் போல் பேசிக்கொண்டே சுடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எனக்கு வேறு நினைப்பு இல்லை. அலுவலகத்தில் பாலிசி ஃபாரத்தின் பின்பக்கம் எங்கள் ஹாலை வரைந்து எந்தப் பெட்டி எங்கே என்று புள்ளி வைப்பேன். எங்கள் ஹால் பாயின் ஹாலுக்கு நேர் கீழே, அதே அளவு. ஆனால் அங்கே பின்பக்கம் வெறும் சுவர். இங்கே இடது மூலையில் ஃபிரிட்ஜ், வலது மூலையில் துணி அலமாரி. அதற்கும் அவர் மீது பொறாமைப்பட்டேன். எந்த செட்டு நல்லது, சவுண்டு கார்டு எது வேண்டும் என்று அவரிடமே கேட்டிருக்கலாம். ஆசையாகச் சொல்லியிருப்பார். கேட்க நாக்கு எழவில்லை. மாலையில் அவர் கடையை அடைத்துவிட்டு வந்து விளையாட ஆரம்பித்தால் நான் என் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன். அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

"மேல என்ன தெரியுது, சாமியா?" என்று கேட்பாள் மனைவி.

அரைப் பரீட்சை லீவில் இரண்டு பேரும் திருச்சிக்குப் போனோம். அவளுக்குப் புடவை, எனக்குப் பெட்டி என்று பேச்சு. ஒரு மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் பொறுமைசாலி. நடுவில் ஒரு சுழல் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்து, ஹெலிகாப்டர் ஒன்று ஆளைச் சுற்றிச் சுற்றிப் பறக்கிற சத்தத்தைப் போட்டார்.

வலது பக்கம் வந்தபோது இறக்கை காற்றே மேலே படுவது போல இருந்தது. இடது பக்கம் போனதும் மங்கிவிட்டது. மறுபடி வலது பக்கம் வந்தது.

"எடது பக்கப் பெட்டி ரெண்டும் வேலை செய்யலையே" என்றேன்.

அவர் ஒயரைப் பிடுங்கிச் செருகினார். மறுபடி அதேதான். வேறு ஒரு செட்டை எடுத்து மாட்டினார். அதிலும் ஹெலிகாப்டர் வலது பக்கமே வட்டமடித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியூர்க்காரன் என்று பழுதானதைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது.

"என்னங்க இது? ரெண்டு செட்டுமே ஒரு பக்கந்தான் பாடுது. நல்லதா ஒன்னு இல்லையா உங்க கடையில?"

கடைக்காரர் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார். அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"வேலை செய்யுதுங்க" என்றாள் மெதுவாக.

"எங்க செய்யுது?"

"நல்லாத்தான் செய்யுது. எம் பக்கத்துலதான் இப்பப் பறக்குது."

அவள் என்னையே சிறிது நேரம் பார்த்தாள். கணக்கு எங்கே தப்பியது என்று பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு குனிந்து, கடைக்காரர் நிற்கிறாரே என்ற கூச்சம்கூட இல்லாமல், தன் உள்ளங்கையால் என் வலது காதை அழுத்தி மூடினாள்.

ஹெலிகாப்டர் நின்றுவிட்டது. கடையின் மின்விசிறியும் தெருச் சத்தமும் நின்றுவிட்டன. எங்கோ கிணற்றுக்குள் போல லேசான ஒரு முனகல் மட்டும். அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. கடைக்காரர் வாயும் அசைந்தது. அவள் கையை எடுத்தாள். எல்லாச் சத்தமும் ஒரேயடியாக உள்ளே கொட்டியது.

"கேட்டுச்சா?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

எதுவும் வாங்காமல் இறங்கிவிட்டோம். புடவைக்கடைக்கும் போகவில்லை. இதுநாள்வரை எப்படித் தெரியாமல் இருந்தாய் என்று பின்னால் பலர் கேட்டார்கள். எனக்கு அது குறையாகத் தெரிந்ததே இல்லை. எழுதுவதற்கு வலது கை போல, கேட்பதற்கு வலது காது என்றுதான் இருந்தேன். டெலிபோனை வலது காதில்தான் வைப்பேன். எல்லோருக்கும் ஒரு காது கெட்டிக்காரக் காது, மற்றது சும்மா துணைக்கு என்று நினைத்திருந்தேன்.

காரைக்குடி பஸ்ஸில் எனக்கு இடது பக்கம், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். புதுக்கோட்டை தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு என் தோளைத் தட்டினாள். திரும்பினேன்.

"இம்புட்டு நேரமா பேசிக்கிட்டு இருக்கேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். "எந்திரிங்க. அங்குட்டு நகருங்க."

என்னை ஜன்னலோரம் தள்ளிவிட்டு எனக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். பிறகுதான் சொன்னாள்.

"கல்யாணமாகி வந்த புதுசுல, கூப்பிட்டாத் திரும்ப மாட்டீக. ஒரு நேரம் பதில் சொல்லுவீக, ஒரு நேரம் சொல்ல மாட்டீக. வீம்புன்னு நினைச்சேன். எங்கம்மாகிட்டகூட சொல்லி அழுதிருக்கேன். ரொம்ப ராங்கி புடிச்ச ஆளுன்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"படுத்த பொறகு சொல்லியிருக்கேன். எம்புட்டோ சொல்லியிருக்கேன். நீங்க வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு இருப்பீக. அந்தக் காது தலகாணிக்குள்ள இருந்திருக்கு."

"என்ன சொன்ன?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்" என்று என்னைத் தாண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். இன்றுவரை சொல்லவில்லை.

மதுரையில் காது டாக்டரிடம் போனோம். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. எப்போது இடது காதுக்கு ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தேன். கதவைத் திறந்து, முடிந்துவிட்டது, வாங்க என்றார்கள்.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

வந்திருக்கிறது. நாலாம் வகுப்பில். தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு, கழுத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைத்த சந்தோஷத்தில் கிடந்தது ஞாபகம் இருக்கிறது. அப்போதே நரம்பு போயிருக்கும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, இன்னொரு காதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

இதையெல்லாம் கேட்டபின் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். எனக்கு அது ஊர் முழுவதற்கும் பரவியது. பின்னாலிருந்து யாரோ கூப்பிட, சரியாக அந்தப் பக்கம் திரும்புகிற கண்டக்டரைப் பார்த்தால் எரிந்தது. ஒலிபெருக்கி எங்கே கட்டியிருக்கிறது என்று பார்க்காமலே கைகாட்டுகிறவர்களைக் கண்டால் எரிந்தது. சைக்கிள் மணி கேட்டதும் சரியான பக்கம் ஒதுங்குகிற கிழவர்கள்கூட என்னைவிடக் கொடுத்துவைத்தவர்கள். எல்லோரையும்விட மேல்வீட்டுக்காரர். அவர் வைத்திருப்பது நாலு பெட்டி என்று நினைத்துப் பொறாமைப்பட்டேன். அவரிடம் இருந்தது இரண்டு காது. அதைத் துணிமணியைக் குறைத்துக்கொண்டு வந்துகூட வாங்க முடியாது.

அலுவலகத்தில் சொன்னபோது, அப்படியானால் முன்னால் இரண்டு பெட்டியே போதுமே என்றார்கள். மனைவியும் அதைத்தான் சொன்னாள்.

"நாலுதான் வேணும்" என்றேன்.

"கேக்காத காதுக்கு எதுக்குங்க பின்னாடி பெட்டி?"

"மேல இருக்குல்ல?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனமான பதில் என்று உறைத்தது. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி, வாங்குவோம். ஆனா நாந்தான் கேட்டுப் பாத்து எடுப்பேன்."

அதே திருச்சிக் கடை. இந்த முறை சுழல் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். கடைக்காரருக்கு எங்களை ஞாபகம் இருந்தது. ஒன்றும் கேட்காமல் ஹெலிகாப்டரைப் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். புடவை எடுக்கும்போதுகூட அவள் முகத்தை இவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை. சத்தம் போகிற பக்கமெல்லாம் அவள் புருவம் போனது. நான் ஓரமாக நின்று அவள் முகத்திலிருந்து அது எங்கே பறக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

முதல் செட்டில் கனத்த பெட்டி பாயுடையதைவிடப் பெரியது. எனக்கு அதுதான் வேண்டும். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இது வயித்துக்குள்ள கும்முகும்முன்னு குத்துது. பின்னாடி வாரவன் காலடியையும் சேத்து முழுங்கிருது."

கடைக்காரர் உடனே அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். சின்ன ஹால், மொசைக் தரை, பக்கத்திலேயே சுவர் என்றால் பெரிய பெட்டியின் சத்தம் அறைக்குள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும். கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வருவார் என்றார். இன்னொரு செட்டில் கனத்த பெட்டி சிறியது, ஆனால் பின் பெட்டிகள் தெளிவாகப் பேசுகின்றன என்று அவள் சொன்னாள். நாலு பெட்டிக்கும் தனித்தனியாகச் சத்தம் பிரித்துக் கொடுக்கிற சவுண்டு கார்டும் அதோடு வாங்கினோம். பெரியதை விட்டுவிட்டு வர எனக்கு மனசே இல்லை.

வீட்டில் இடது பின் பெட்டி ஃபிரிட்ஜின் மேல் ஏறியது. வலது பின் பெட்டி அலமாரித் தட்டில். இரண்டும் ஒரே உயரத்துக்கு வர, அலமாரியில் அவளுடைய கணக்குப் புத்தகங்களை அடுக்கினோம். நாற்காலியை அரை அடி முன்னே, அரை அடி பின்னே என்று நகர்த்தி, "இங்க... இங்கதான்" என்று அவள் சொன்ன இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

நான் விளையாடினேன். செத்தேன். முதுகில் சுடுகிறவன் என் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் பொறுக்க மாட்டாமல் கத்தினாள்.

"பின்னாடி! எடது பக்கம்! அங்குட்டு, அங்குட்டுத் திரும்புங்க!"

திரும்பிச் சுட்டேன். விழுந்தான். அந்த விளையாட்டில் பின்னால் வந்தவனை நான் சுட்டது அதுதான் முதல் தடவை.

அவள் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு என் வலது பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஒரு கண் தாளில், காது பெட்டியில். "வலது." "நேர் பின்னாடி." "ரெண்டு பேரு, எடதுல ஒருத்தன் தள்ளி வாரான்." பிழைக்கு வட்டம் போட்டபடியே சொல்வாள். நாளாக நாளாக அவள் முழுசாகச் சொல்லவேண்டிய தேவைகூட இல்லை. 'எ' என்று ஆரம்பித்தால் என் கை திரும்பிவிடும்.

பெட்டிச் சத்தம் கேட்டு ஒரு நாள் பாய் படிக்கட்டில் நிறுத்தினார். நாங்கள் செட்டு வாங்கிய சமாச்சாரம் அவருக்குச் சந்தோஷம். இரண்டு கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்தால் ஒருத்தரோடு ஒருத்தர் மோதலாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத் தொழுகை முடிந்து வந்து, அவர் பால்கனியிலிருந்து எங்கள் பால்கனிக்கு ஒயரை இறக்கினார். அவர் மேலே, நான் கீழே.

முதல் ஆட்டத்தில் அவர் என்னைத் தேடி சுரங்கத்தில் பின்பக்கமாகப் பூனை போல வந்தார். திரையில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"எ..." என்றாள் மனைவி.

சுட்டேன். மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. இரண்டாவது ஆட்டத்திலும் அப்படித்தான். மூன்றாவதில் அவர் ஜெயித்தார். நான்காவதில் மறுபடி நாங்கள். பால்கனியிலிருந்து தலையைத் தொங்கப்போட்டுக் கத்தினார்.

"சார்! அது என்ன செட்டு சார்? என்னுதை விட துல்லியமா கேக்குமோ? நான் மூச்சு விடாம வந்தேனே!"

அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எத்தனை வாரம் அதைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இட்லி தின்றிருக்கிறேன்! உடம்பெல்லாம் குளிர்ந்தது. "நல்ல செட்டு பாய்" என்றேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

ஆனால் அவர் அடுத்த நாளே பெட்டியைப் பார்க்க நேரில் வந்துவிட்டார். ஃபிரிட்ஜ் மேல் இருந்ததைத் தட்டிப் பார்த்தார், அலமாரியில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு நாற்காலியையும் பார்த்தார். சொல்லும்படி ஆகிவிட்டது. என் காதைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அப்ப எங்க வீட்டுல அன்னைக்கு ஒங்களுக்குக் கேக்கவே இல்லையா?" என்றார். பிறகு என் மனைவியிடம் திரும்பி, "டீச்சர், நான் சாருகிட்ட தோத்தேன்னு நினைச்சு ராத்திரி சாப்புடல" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அவருக்கு மகள் பிறந்து, மனைவியும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தபின், அவருடைய பெட்டிகளெல்லாம் துணி சுற்றிப் பரணில் ஏறின. அதற்கப்புறம் எங்கள் ஹாலுக்கு வந்துதான் விளையாடினார். வலது பக்க நாற்காலியில் யாரும் இல்லாமலே சாக்பீஸ் கோட்டில் உட்கார்ந்து, என் வீட்டுப் பெட்டிகள் நாலையும் கேட்டுவிட்டுப் போனார். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுலபமாக இல்லை.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். பாய் வரவில்லை. விளையாட்டில் சுரங்கத்தின் ஆழத்தில், எதிரிகள் எல்லாம் செத்துப்போன ஒரு கூடத்தில் நான் நின்றேன். இனி எந்தக் கதவைத் திறப்பது என்று தேடினேன்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்றாள் மனைவி.

"யாரும் வாரானா?"

"இல்ல. பின்னாடி ஒரு எடத்துல தண்ணி சொட்டுது."

"எங்க?"

"எடது பக்கம். தள்ளி. ஒன்னு விழுது, கொஞ்ச நேரங்கழிச்சு இன்னொன்னு. குகைக்குள்ள எதிரொலிக்குது. நல்லாருக்குங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் தலையைத் திருப்பி வலது காதை ஃபிரிட்ஜ் பக்கம் காட்டினேன். ஃபிரிட்ஜின் உறுமல்தான் கேட்டது. எழுந்து போய் பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். டொக், டொக் என்று ஏதோ கேட்டது. அது பெட்டிக்குள்ளிருந்து வந்தது. தள்ளியும் இல்லை, குகையும் இல்லை.

"எப்படி இருக்கு? சொல்லேன்" என்றேன்.

யோசித்தாள். "எப்படிச் சொல்ல? தண்ணி சொட்டுது... அம்புட்டுதான்."

அவள் முகத்தில் ஒரு துளி விழுவதும் அடுத்த துளிக்குக் காத்திருப்பதும் தெரிந்தது. வேறு யார் மீதும் அவ்வளவு பொறாமை எனக்கு வந்ததில்லை. அவள் கேட்டு முடிக்கட்டும் என்று, விளையாட்டை அப்படியே நிற்கவிட்டு, டீ போடப் போனேன்.